மூடிமேல் மண்

பெட்டியின் மூடியில் யாரோ விரல் வைத்த தடமாக வெளிறிய மண் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் ரிஸானா இளையரசனேந்தல் வரப்பில் தோண்டி எடுத்துவந்து போட்டிருந்தது கரிசல். இது வேறு மண்.

சங்கரன்கோவில் கல்லூரியில் பெட்டி இருந்த ஆய்வுக்கூடத்துக்குச் சாவி அவளிடமும் மூத்த ஆய்வு மாணவன் கோமதிநாதனிடமும்தான் இருந்தது. அவளைப்போல அவனுக்கும் மண்ணுக்குள் வாழும் மெல்லிய மண்பூரான்தான் ஆராய்ச்சி.

பெட்டிக்குள் ஒரு தாய்ப்பூரான் முட்டைகளை வளைத்துப் படுத்திருந்தது. அதற்குக் கால்கள் நாற்பத்தேழு இணை. இந்தப் பக்கத்து மண்பூரான்களுக்கு நாற்பத்தொன்பது. ஒற்றைப் பூரானைக் காட்டிப் புது இனம் என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். குஞ்சுகள் பொரிக்கும்போதே கால்கள் முழுசாக இருக்கும். அவற்றுக்கும் நாற்பத்தேழு என்றால் மறுக்க ஆளில்லை.

திறந்து பார்த்தாள். முட்டை குறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, பெட்டியத் தொட்டீங்களா?"

"மூடியத்தான் தொட்டேன். நீ சும்மா சும்மா திறக்காத. வெளிச்சம் பட்டா தாயே முட்டையத் தின்னுரும்."

"பெரிய பூரான்தான் அப்படித் திங்கும். இது நூல் கணக்கா இருக்கு."

"நூலுக்கும் வயிறு உண்டும்மா."

"முட்டை குறையுதே."

"ஆமா, நான்தான் ஆம்லெட் போட்டுத் தின்னேன்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திறக்காதே என்கிறவன் எதை மறைக்கிறான்?

மூடியைத் துடைத்துவைத்தாள். மறுநாள் மறுபடி மண். அதன்பின் வந்ததும் திறந்தாள், போகும்முன் திறந்தாள், அவன் டீ குடிக்கப் போன நேரமெல்லாம் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் முட்டை குறைந்தது. ஒவ்வொரு தடவையும் அவன்மேல் சந்தேகம் உறுதியானது.

வெள்ளிக்கிழமை அவன் கோயிலுக்குப் போயிருந்தான். மூடியை எடுத்து விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். மிச்சம் ஒரே முட்டை. தாய் வளையத்தைத் தளர்த்தியது. தலையைத் திருப்பி முட்டையை வாயில் கவ்வியது. ரிஸானா பார்த்துக்கொண்டே நின்றாள். தின்று முடிந்ததும் பூரான் மண்ணுக்குள் போனது.

மூடியைப் போட்டு அதன்மேல் கை வைத்தாள்.

கோமதிநாதன் வந்து சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே வெளிறிய மண்.

"கையை எடும்மா. கோயில் புத்துமண்ணு. விஷப்பூச்சி அண்டாதுன்னு எங்கம்மா வாசல் நிலையில பூசுவா. நான் பூச்சிக்கே பூசுதேன். உன் குஞ்சு நல்லபடியா பொரியட்டும்."

அவள் கையை எடுக்கவில்லை. அவன் எரிகிற விளக்கைப் பார்த்தான். முந்தின நாள் அவன் மூடியில் பூசிய மண் இப்போது ஒட்டியிருந்த அவள் விரல்களைப் பார்த்தான்.

"யாரும்மா திறந்தது?"

அவன் குரலில் முதல்முறையாகச் சந்தேகம் இருந்தது.

"நான்தான் அண்ணே," என்றாள். "தினமும்."