பேரப்பிள்ளைகள் எத்தனை

மூன்றாவது குச்சியில் விஜயகலா துணியைச் சுற்றத் தொடங்கியதும், கணவனின் அக்கா இலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு போதும் விஜயா. எம் பிள்ளைங்க ரெண்டும் நெய்ப்பந்தம் பிடிக்கும்."

"யதுர்ஷாவும் பேத்திதானே அண்ணி?"

"கோர்ட் ஓடர் இன்னும் வரலையே. நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா? பந்தம் பிடிச்ச பிள்ள வீட்ட விட்டுப் போனா குடும்பத்துக்கு ஆகாது."

விஜயகலாவுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அண்ணி சொன்னதைத்தான் அவளும் எட்டு மாதமாகத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள். இரத்தினபுரி சிறுவர் இல்லத்தார் யதுர்ஷாவை இப்போதைக்கு வளர்க்கத்தான் கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் பிள்ளையாகத் தருவது அடுத்த மாத வழக்கில். திங்கட்கிழமை நன்னடத்தை அதிகாரி கடைசியாக வீடு பார்க்க வருகிறார். போனமுறை பிள்ளையின் முழங்காலில் இருந்த ஒரு சிராய்ப்புக்கே அந்த அதிகாரி அம்மா அரைமணி நேரம் குடைந்தெடுத்துவிட்டார். இந்த நேரம் பார்த்தா மாமா கண்ணை மூட வேண்டும் என்று காலையில் நினைத்தவள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

மாமனார் கன்னையா லயத்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பெஞ்சில் கிடத்தப்பட்டிருந்தார். பிள்ளை வந்த புதிதில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். போகப்போக அவள் சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலேயே பதில் சொன்னார். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துப் பாதி கொடுத்தார். பேத்தி என்று மட்டும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் மனுஷனுக்கு என்ன குறைந்திருக்கும்?

றக்வான மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சடங்கு செய்ய வந்த இருளப்பன் நெய்ச்சட்டியோடு அவசரப்பட்டார்.

"பேரப்பிள்ளைங்க எத்தன பேருங்க?"

கணவன் சுதாகரன் தன் அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இப்படி நிற்பதற்குத்தான் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டோமா என்றிருந்தது விஜயகலாவுக்கு.

"மூணு," என்றாள்.

விஜயகலா குச்சியில் மிச்சத் துணியையும் சுற்றி நெய்யில் தோய்த்தாள்.

"நானுமா ஆன்ட்டி?" என்றாள் யதுர்ஷா. எட்டு மாதமாகியும் இன்னும் ஆன்ட்டிதான்.

"நீயுந்தான் கண்ணு. தாத்தாவ மூணு தரம் சுத்தி வரணும்."

முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில் காற்று வீசியது. தீ சாய்ந்து, கொதித்த நெய் குச்சி வழியாகப் பிள்ளையின் விரலை நோக்கி இறங்கியது.

"ரஸ்னெயி ஆன்ட்டி," என்று சிங்களத்தில் சூட்டைச் சொன்னாள்.

விஜயகலா பிள்ளையின் கிட்டே ஓடினாள். பிள்ளையின் கை. திங்கட்கிழமை. அந்த அதிகாரி அம்மா குறித்துவைக்கும் கொப்பி.

இலட்சுமி கையை நீட்டினாள். "அத்தைகிட்ட குடும்மா, சுட்டுறும்."

யதுர்ஷா தலையை ஆட்டி மறுத்தாள். குச்சியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விஜயகலா தன் உள்ளங்கையைக் குவித்துப் பிள்ளையின் விரலுக்கு மேலே, பந்தத்துக்கு அடியில் வைத்தாள். முதல் சொட்டு விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நட கண்ணு. இன்னும் ஒரு சுத்துதான்."

கையை எடுக்காமலே கூட நடந்தாள்.