கேடி லிஸ்ட்

எனக்கு வாய் நீளம். அதுவும் வகுப்பில் நின்றால் கேட்கவே வேண்டாம். எழுபத்தெட்டில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுத்துக்கொண்டிருந்தேன். யார் செய்தால் குற்றம், யார் செய்தால் குற்றமில்லை என்று அந்த ஜூன் முழுக்கப் பிள்ளைகளைப் போட்டுக் குடைந்தேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. சீசன் கூட்டத்தில் நகை திருடு போகக் கூடாதென்று போலீஸ் முன்கூட்டியே சிலரைப் பிடித்து உள்ளே வைத்துவிடும். "ஒண்ணும் செய்யாதவனைப் பிடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"திருடனத்தான டீச்சர் பிடிக்காங்க?" என்றாள் முன் பெஞ்சு நீலா.

"திருடன்னு எப்படித் தெரியும்?"

"கேடி லிஸ்ட்ல பேரு இருக்கும்லா."

கடைசி பெஞ்சில் குருவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா பெயர் அந்த லிஸ்டில் இருந்தது. எப்போதோ இளவயதில் ஒரு வாழைத்தார் கேஸ். என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். மற்றவர்களுக்கு, அப்பா வெளியூரில் கொத்து வேலை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பாழாய்ப்போன ஆவேசம் விடவில்லை. "எழுந்து சொல்லும்மா. வெட்கப்பட வேண்டியது நீ இல்லை" என்றேன்.

எழுந்தாள். "எங்கய்யாவ வருசா வருசம் பிடிச்சிட்டுப் போறாங்க. சீசன் முடிஞ்சாத்தான் விடுதாங்க. அவுக ஒண்ணும் எடுக்கல, டீச்சர்."

நீலா உட்பட நாலைந்து பேர் அழுதுவிட்டார்கள். பாடம் என்றால் இதுதான் பாடம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் என் கைக்கடிகாரத்தைக் காணோம். மேஜைமேல் கழற்றி வைத்ததாக நினைப்பு. "யாராவது பாத்தீங்களாடி?" என்றுதான் கேட்டேன். அத்தனை தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிற்று. ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குருவம்மாள் எழுந்து வந்து பையை என் மேஜையில் கவிழ்த்தாள். இரண்டு நோட்டு, தூக்குச்சட்டி, ஒரு தகர டப்பா.

"பாத்துக்கிடுங்க டீச்சர்."

வேண்டாம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஐயோ, திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு பென்சில் துண்டு இருந்தது.

கடிகாரம் ஆசிரியர் அறைக் குழாயடியில் கிடந்தது. ஓடி வந்தேன். அவள் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

சனிக்கிழமை வீடு தேடிப் போனேன். அவள் அம்மா சொக்கம்மாள் என்னைக் கண்டதும் கைகூப்பிவிட்டாள்.

"புள்ள கொல்லத்துக்கு முந்திரிக் கம்பெனி வேலைக்குப் போயிட்டா. அவ என்னத்த எடுத்தான்னு சொல்லுங்க டீச்சர், எப்படியாவது தந்துருதோம். போலீசுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

"அவ ஒண்ணுமே எடுக்கலம்மா!"

"பின்ன எதுக்கு டீச்சர் அவ பையப் பாத்தீங்க?"

கோபத்தில் கேட்கவில்லை. விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.