தடுப்புக்கு அந்தப் பக்கம்

மே மாதம் பிறந்தால் அந்தக் கடற்கரை இரண்டாகிவிடும். கடலுக்குள் இறங்கும் மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் நாய்கள் ஓடலாம். அந்தப் பக்கம் செப்டம்பர் முடியும்வரை ஒரு நாய்கூடக் கால் வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்து முதல் மரக்குடிலில்தான் டெஸ்மண்ட் கெட்ஜ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கழுத்தில் பைனாகுலருடன் உட்கார்ந்திருப்பார். வேலை வெட்டி இல்லாத மனுஷன்.

ஹிலரி லார்ட்டருக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளுடைய கிழட்டு நாய் பிக்கிள் தடுப்பைத் தாண்டியதாக நகரசபைக்கு இரண்டு புகார் கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் பிக்கிளுக்குக் கடற்கரையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உப்புத்தண்ணீரில் நீந்துவதால்தான் அதன் பின்னங்கால்கள் இன்னும் நடக்கின்றன என்பது கால்நடை மருத்துவரின் பேச்சு. கடல் போனால் கால் போயிற்று.

ஆகவே இன்று பிக்கிளின் கயிற்றை, காற்றை மறைக்க மணலில் நட்டிருந்த துணித்திரையின் கம்பில் இறுக்கி முடிந்துவிட்டுத்தான் பிளாஸ்க்கைத் திறந்தாள். மணல் கம்பு எந்த நாயைப் பிடித்து வைக்கும்? ஒரு வாய் தேநீர் உள்ளே போவதற்குள் கம்பு, துணி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, தடுப்பில் பலகை பெயர்ந்திருந்த இடைவெளியில் நுழைந்து பிக்கிள் அந்தப் பக்கம் போய்விட்டது. ஹிலரி பின்னாலேயே ஓடினாள்.

"மூணாவது தடவை, மிசஸ் லார்ட்டர்," என்றார் கெட்ஜ், கைபேசியில் படமெடுத்தபடி. "போர்டு படிக்கத் தெரியும்ல?"

"கிழட்டு நாய். யாரைக் கடிச்சுது?"

"சட்டம்னா சட்டம்."

பிக்கிள் பழகின வீட்டுக்குள் போவதுபோல நேரே குடிலுக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது. அதில் பொரித்த சாசேஜ் இறைச்சி, பல் போன நாய் விழுங்கும் அளவில் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தது.

ஹிலரிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "அடப்பாவி மனுஷா. தீனி போட்டு இழுக்குறதும் நீங்க, புகார் குடுக்குறதும் நீங்களா?"

கெட்ஜின் காது சிவந்தது. "நீங்க பல்லில்லாத நாய்க்கு வெறும் கேரட்டைக் குடுத்துக் கொல்றீங்க. பைனாகுலர்ல பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"அப்புறம் எதுக்குப் புகார்?"

"அது உங்க மேல. நாய் மேல இல்ல."

அவள் கிண்ணத்தைப் படமெடுத்தாள். "இதையும் நகரசபைக்கு அனுப்பட்டுமா?"

கெட்ஜ் தான் எடுத்த படத்தை அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். பழைய புகார்களையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக முனகினார். ஹிலரி ஜெயித்துவிட்டாள்.

"வாடா பிக்கிள், போலாம்."

கிண்ணம் காலியாகியிருந்தது. பிக்கிள் அவளை ஒருதரம் பார்த்தது. பிறகு கெட்ஜின் செருப்பின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. பக்கத்துக் குடில்களில் எல்லோரும் தேநீரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்க," என்றார் கெட்ஜ்.

கூப்பிட்டாள். வால்கூட ஆடவில்லை.