எழிலன் காலுக்குள் நடந்த சண்டை

எழிலனின் வலது காலுக்குள் கிருமிகள் போட்ட கத்திச் சண்டை, போன வருடம் வைகாசி மாதத்தில் எட்டு நாள், செம்மண்டலத்தில் மூன்று தெருவுக்குக் கேட்டது. முதல் நாள் எங்கோ பாத்திரக் கடை சரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் யாரோ போன் போட, ஏட்டு ஒருவர் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கெண்டைக்கால் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒரு தரப்பிடம் மட்டுமே ஆயுதம் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்க்காமல் இல்லை. சேர்த்தார்கள், சத்தத்தில் வார்டு முழுக்க ரத்தக்கொதிப்பு ஏறியதால் ஊசி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எழிலன் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் மூன்று இறால் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். காவலும் தீனியும் மனைவி அமராவதியின் தம்பி அய்யனார் பொறுப்பு. அந்தப் பக்கப் பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல கிருமிப் பொடி என்று கடையில் விற்பதை, நெல்லிக்குப்பத்துப் பக்கமிருந்து வரும் கரும்புப் பாகோடு நீல டிரம்மில் கலந்து, சுத்தம் செய்த போர்வெல் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டுப் பெருக்கி, குட்டையில் விடுவார்கள். அன்று மோட்டார் எரிந்துபோயிருந்தது. அய்யனார் மூன்றாம் குட்டையிலிருந்தே நாலு குடம் மொண்டு டிரம்மில் ஊற்றினான். எப்படியும் திரும்ப அங்கேதானே போகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. சோம்பேறி நினைப்புதான், ஆனால் அந்த வெயிலில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி தலைமுறை தலைமுறையாகச் சாதுவாக வாழ்ந்து வந்தது. கோடியில் ஒன்று மட்டும், எங்கேயோ யாரிடமோ வாங்கிய கத்தியை மடியில் வைத்திருந்தது. பாகைத் தின்று அது கொழுத்துப் பெருகியது. இரண்டாம் நாளே டிரம் மூடி உள்ளிருந்து குத்துப்பட்டு ஓட்டை ஓட்டையானது. வெயிலில் பிளாஸ்டிக் இளகிவிட்டதென்று நினைத்த அய்யனார், மறுநாள் அதை மூன்றாம் குட்டையில் கவிழ்த்துவிட்டான்.

விடிந்தபோது அந்தக் குட்டையில் நாலு டன் இறால் குடல் சரிந்து மிதந்தது. செத்ததை அள்ள இறங்கிய எழிலனின் கெண்டைக்காலை ஒரு இறால் முள் கீறியது. அதே காலையில், கரைக்கு அந்தப் பக்கம், டிரம் தண்ணீர் போகாத இரண்டாம் குட்டையில் அய்யனாருக்கும் அதே மாதிரி ஒரு கீறல். அவனுக்கு மூன்றே நாளில் ஆறிவிட்டது. எழிலனுக்கு அன்று மாலையே தோல் கறுத்துக் கொப்புளம் எழும்பி, கத்தி முனைகள் உள்ளிருந்து சதையைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தன. ரத்தம் காலண்டர் வரை தெறித்தது.

அமராவதி சிதம்பரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். தம்பியின் புண் ஆறுவதற்குள் இருவர் புண்ணிலிருந்தும் பஞ்சில் தொட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இரண்டிலும் வளர்ந்தது ஒரே விப்ரியோ, ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தம்பியுடையது பச்சைப் புள்ளிகளாகப் படுத்துக் கிடந்தது. புருஷனுடையது கண்ணாடித் தட்டை உடைத்துக்கொண்டு வந்து, கிருமி வளர்க்கும் பெட்டியின் கதவைக் குத்தியது. லேப் முதலாளி கதவை மாற்றினார், வேறொன்றும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து மரபணு அறிக்கை எட்டாம் நாள் வந்தது. நாலாயிரத்து எண்ணூறு சொச்சம் மரபணுக்களில் வித்தியாசம் ஒன்றுமில்லை; ஒரு சின்ன வளையத்தில் உட்கார்ந்திருந்த ஆறு மட்டும் புருஷன் கிருமியிடம் கூடுதல். கத்தி செய்யத் தெரிந்த ஆறு. அந்த வளையத்தைப் பக்கத்தில் இருக்கும் சாதுக் கிருமிக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிட முடியும் என்றும் அறிக்கை சொன்னது. அதைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று டாக்டர் நாலாம் நாளே சொல்லியிருந்தார். எழிலன் சம்மதிக்கவில்லை. ஒற்றைக்காலோடு குட்டையில் இறங்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, முள்ளோடு உள்ளே போன சாதுக் கூட்டத்தை அவன் தன் கட்சியாக வரித்துக்கொண்டிருந்தான். பார்க்க வருகிறவர்களிடம், நம்மாளுங்க கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள் என்று நூற்று நாலு டிகிரி காய்ச்சலில் பெருமையாகச் சொல்வான். ஒன்பதாம் நாள் காலை சத்தம் நின்றது. தெரு நிம்மதியாக மூச்சுவிட்டது, எதிர்வீட்டு மங்கலம் பாயசம் கொண்டுவந்தாள். எழிலன் சிரித்தான். பஸ்ஸுக்குக் கிளம்பிய அமராவதி பையைக் கீழே போட்டுவிட்டு அவன் காலில் காதை வைத்தாள். பெரிய கூட்டம் ஒன்று வரிசையில் நின்று மூச்சுவிடுவது கேட்டது.

"ஜெயிச்சிட்டோம் அமரா."

"யாரும் ஜெயிக்கலங்க. எல்லார் கைக்கும் கத்தி வந்துடுச்சி. இனிமே அவுங்களுக்குள்ள எதுக்கு சண்டை? நீங்கதான் பாக்கி."

அவன் சரியென்று தலையாட்டினான். ஆட்டோவில் போகும்போதே கறுப்பு முழங்காலைத் தாண்டியது. தொடையோடு எடுத்தார்கள். அறுக்கும்போது ரம்பம் மூன்று முறை பல் உடைந்தது, ஆளுக்கு உயிர் மிஞ்சியது. எழிலனுக்கு நினைவு வந்ததும் அய்யனார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலு குடம் தண்ணீர் கதையைச் சொல்லி அழுதான். எழிலன் ஊன்றுகட்டையை எடுத்து அவன் வாயில் அடித்தான், இரண்டு பல் போயிற்று. அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டான்.

மூன்றாம் குட்டையைச் சுண்ணாம்பு போட்டு இரண்டு மாதம் காயவைத்து மறுபடி தண்ணீர் விட்டார்கள். கடல் தண்ணீரோடு சாதுக்கள் வந்து சேர்ந்தன. சேற்றில் தப்பிய கத்திக்காரர்களும் இருந்தார்கள். கத்தியைச் சுமப்பவனுக்குத் தீனி அதிகம் வேண்டும், பாகு இல்லாத தண்ணீரில் அவர்களால் பெருக முடியவில்லை, அழிந்துபோகவும் இல்லை. ஆகவே குட்டைக்குள் நாள் முழுக்கச் சண்டை நடக்கிறது. இறால் வாங்க வரும் வியாபாரிகள் அதற்கு மேல் குரலை உயர்த்தி விலை பேசுகிறார்கள். தினமும் காலையில் எழிலன் கட்டைகளை ஊன்றிக் கரையில் நிற்பான், அய்யனார் குனிந்து தண்ணீரில் காதை வைப்பான்.

"சண்டை கேக்குதாடா மச்சான்?"

"கேக்குது மாமா."

"அப்ப எறங்கு."

அய்யனார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவான்.