இருபத்திரண்டாவது கை

தூக்கச் சொன்ன கை மேலே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? வீரையனின் வலது கைக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. சேதி கிளம்பியபோது டீ பதினைந்து காசு, போய்ச் சேர்ந்தபோது அறுபது காசு.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தில் இருபத்திரண்டு குடிசைகள் இருந்தன. எழுபத்திரண்டு தை மாதம், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்ற புதுச் சட்டத்தோடு தாசில்தார் களத்துக்கு வந்தார். பக்கத்து நாற்காலியில் மிராசுதார். அவர் முன்னால் தோளில் துண்டு இருக்கக் கூடாது, தோளுக்கு மேல் கையும் போகக் கூடாது. "மனை வேணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் தாசில்தார். சங்கத் தலைவர் கோவிந்தராசு முதலில் தூக்கினார். ஒவ்வொன்றாக இருபத்தொரு கை எழுந்தது. வீரையனின் கை தொங்கியே கிடந்தது. வாய் திறக்கவில்லை, இமைகூடப் பாதி சரிந்திருந்தது. தாசில்தார் இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று விடிகாலையில் மாட்டுக்கு வைக்கோல் உருவிய கையைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. அது கடித்தால் வலிக்காது, வீங்காது, தடமும் தேடித்தான் பார்க்க வேண்டும். பதினேழு நாள் இழுத்துக் கிடந்து மூச்சும் பேச்சும் திரும்பின, கை திரும்பவில்லை. பார்த்த வைத்தியர் வாதம் என்றார்.

"பாம்பு கடிச்சுதாம். கடிவாயைக் காட்டுடான்னா விரலைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். கைய பண்ணைக்கு வித்துட்டான்" என்றார் கோவிந்தராசு. அதற்குப் பிறகு வீரையனை நல்லது கெட்டதுக்கு யாரும் அழைக்கவில்லை. இருபத்தொரு பேருக்குப் பட்டா வந்தது. பட்டா இல்லாத வீரையனை மிராசுதார் ஏனோ விரட்டவில்லை, அதுவே ஊருக்குச் சாட்சியாகிவிட்டது.

அப்பா பொய் சொல்லவில்லை என்று காட்டவே படித்தாள் வீரையனின் மகள், பன்னிரண்டு வயது அம்சவல்லி. விடுதிச் சோற்றில் வளர்ந்து, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கட்டுவிரியன் விஷத்தோடும் தவளைத் தசையோடும் நான்கு வருஷம் உட்கார்ந்தாள். மூளையின் சேதி நரம்பு நுனி வரை வந்துவிடுகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத பைகளில் ஒரு ரசாயனம் இருக்கிறது. பை வாய் திறந்து கொட்டினால்தான் தசை அசையும். கட்டுவிரியன் விஷம் அந்த வாசலை அடைத்துவிடும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. அடைபட்ட சேதிகள் அழியாமல் வரிசையில் நிற்கின்றன என்பதை அவள் கண்டாள்.

எண்பத்தைந்தில் மிராசுதார் நிலத்தை விலைபேசினார். ஆடிக்குள் குடிசையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அம்சவல்லி ஒரு சின்ன மெஷினோடு பஸ் ஏறி வந்து, அப்பாவின் தோளில் ஒயரை ஒட்டினாள். பொரி பொரிவது போலச் சத்தம் கேட்டது. ஆட்டைத் தேடுகிற சாக்கில் கோவிந்தராசு வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன சத்தம் அது?"

"அப்பா கைக்குச் சொன்னதெல்லாம், பெரியப்பா. பதிமூணு வருசத்துது. நுனியில முட்டிக்கிட்டு நிக்குது."

"அப்ப ஏன் ஆடல?"

"வாசல் செத்துப்போச்சு. இப்ப புதுசு வருது, அறுத்த தாளு துளிர்க்கிற மாதிரி."

மூன்று மணிக்குக் கை எதையோ வெடுக்கென்று உதறியது. "பாம்ப உதறுது" என்றார் வீரையன். ஐந்து மணிக்குத் தோளில் இல்லாத துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. "மிராசுதார் வந்து உக்காந்தப்ப சொன்னது." பிறகு அசையவில்லை. வேலியோரம் இப்போது பத்துப் பேர்.

"அடுத்து என்னடா?" என்றார் கோவிந்தராசு. பதின்மூன்று வருஷத்தில் அவர் வீரையனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அடுத்தது அதுதாண்ணே."

கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டைத் தேடாமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, வீரையனின் வலது கை தலைக்கு மேலே போய் நின்றது. கோவிந்தராசு கூட்டிவந்திருந்த வி.ஏ.ஓ. யூனுஸ் பழைய பதிவேட்டைப் பிரித்து, இருபத்தொன்றை அடித்து இருபத்திரண்டு என்று எழுதி, தேதியை எழுபத்திரண்டு தை என்றே போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனார்.