பன்றி வழக்கும் கோழிக்காரரும்

கொலம்பியாவின் கௌகா மலையில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு இறங்கிய எவரிஸ்தோவுக்கு ஒரே ஆசைதான்: கோழி வளர்த்துக்கொண்டு சாதாரண ஆளாக இருக்க வேண்டும். கோழிகள் ஒத்துழைத்தன. ஊர் ஒத்துழைக்கவில்லை.

அவர் காட்டுப்படைக் கமாண்டராக இருந்த காலத்தில் ஊரின் எல்லாத் தகராறுக்கும் அவர்தான் நீதிபதி. சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, தகராறு விசாரிக்க டவுனில் ஓர் அதிகாரி வருவார் என்றார்கள். நாற்காலி வந்தது, அதிகாரி வரவில்லை. ஊரார் பழையபடி அவருடைய கோழிக்கூண்டின் முன்னால் வரிசையில் நின்றார்கள். இனி அவர் தீர்ப்புச் சொன்னால் பொதுமன்னிப்பு ரத்தாகும். நேரே சிறைதான்.

அன்று காலை ஓதிலியா ஒரு பன்றியை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பன்றிக்குச் சொந்தக்காரன் கிரிசாந்தோ. இருவர் கையிலும் வெட்டுக்கத்தி.

"கமாண்டரே, இவன் பன்னி என் மரவள்ளியை அடியோட தின்னுடுச்சு. ஒரு தீர்ப்பு சொல்லுங்க."

"கமாண்டர் இல்ல தாயே, கோழிக்காரன். டவுனுக்குப் போங்க."

"அங்க நாற்காலிதானே இருக்கு? அதுகிட்டயா அழச் சொல்றீங்க?"

"இந்தம்மா வேலியே போடல, தோன் எவரிஸ்தோ! பன்னிக்கு என்ன தெரியும்? அது பள்ளிக்கூடமா போச்சு?" என்றான் கிரிசாந்தோ, கோபத்திலும் 'தோன்' என்ற மரியாதையை விடாமல்.

"நீ மட்டும் போனியா?"

கத்திகள் உயர்ந்தன. எவரிஸ்தோவின் நாக்கு நுனியில் தீர்ப்பு தயாராக நின்றது. ஒரு சுருட்டு புகைத்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார் அந்தக் காலத்தில். யாரும் மறுத்ததில்லை. அது தன் நியாயத்தின் அழகு என்று நினைத்திருந்தார். தோளில் தொங்கிய துப்பாக்கிக்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு என்பது கோழி வளர்க்கும்போதுதான் உறைத்தது.

தீர்ப்பை விழுங்கினார். "கிளம்புங்க. பன்னியும் வரட்டும். வரிசைல நிக்கிற எல்லாரும்தான்."

டவுன் சதுக்கத்தில் சமாதான ஆண்டு விழா. மேயர் ஃபப்ரீசியோ ஒலிபெருக்கியில், "சமாதானம் இந்த மண்ணில் வேர்விட்டுவிட்டது" என்று முழங்கிக்கொண்டிருக்க, பன்றி பூப்பாத்தியில் புகுந்து வேர்களைத் தேட ஆரம்பித்தது.

மேயர் குனிந்து கிசுகிசுத்தார்: "தோன் எவரிஸ்தோ, மானம் போகுது. நீங்களே சட்டுனு ஒரு தீர்ப்பு சொல்லி அனுப்பிடுங்க."

ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார். சதுக்கமே கேட்டது.

"ஐயோ, மேயர் ஐயா! நான் சொன்னா குத்தம்னு எனக்குப் பேப்பர் கொடுத்ததே நீங்கதானே?" என்றார் எவரிஸ்தோ, கோழியைப் போல அப்பாவியாக. "சட்டப்படி, அதிகாரி இல்லேன்னா மேயர்தான் விசாரிக்கணுமாம்."

கூட்டம் சிரித்த சிரிப்பில், விழா முடிவில் பறக்கவிட வைத்திருந்த சமாதானப் புறாக்கள் தாமாகவே பறந்தன. மேயர் வேறு வழியில்லாமல் அலுவலகத்துக்குள் போய், அதிகாரிக்காக வந்த அந்த நாற்காலியின் தூசியைத் தட்டி உட்கார்ந்தார். இரு தரப்பையும் கேட்டார். கிரிசாந்தோ மறுபடி மரவள்ளி நட வேண்டும். ஓதிலியா வேலி போட வேண்டும்.

ஓதிலியா எழுந்தாள். "எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கல. மேல்முறையீடு பண்ணுவேன்."

இப்படியொரு வாக்கியத்தை எவரிஸ்தோ தன் ஆட்சிக்காலம் முழுவதும் கேட்டதில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் கைதட்டியவர்களில் அவர்தான் முதல் ஆள்.

திரும்பும் பஸ்ஸில் ஓதிலியாவும் கிரிசாந்தோவும் ஒரே பலகையில் உட்கார்ந்து, யாருடைய வக்கீல் கெட்டிக்காரனாக இருப்பான் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கத்திகள் காலடியில் கிடந்தன. எவரிஸ்தோ மலை உச்சிவரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார். ஒருவர்கூட நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவருக்கு முழங்கால் வலித்தது. சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.