மூச்சு கேட்கும் பெட்டி

டொப்!

கூடத்து மூலையில் வெடித்த சத்தத்தில் அவள் கையிலிருந்த டம்ளர் நழுவி நாற்காலியடிக்கு உருண்டது.

"பயந்துட்டியா? பழைய டப்பாவுக்கு இன்னும் உயிர் இருக்கான்னு பாத்தேன்," என்றான் அண்ணன்.

அப்பாவின் தலையணையோரம் இருந்த மைக்கிலிருந்து கூடம்வரை ஓடிவரும் வயர் அது. பெரிய ஸ்பீக்கரிலிருந்து அதைப் பிடுங்கி, மூலையில் கிடந்த சின்னப் பெட்டியில் செருகியிருந்தான். காலையில்தான் அப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"பெரிசை நான் எடுத்துக்கறேன். உனக்கெதுக்கு அது? ஆமா, அன்னிக்கு ராத்திரி அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லையா? அதுல ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல."

வந்தவர்களிடமெல்லாம், 'தூக்கத்துலயே போயிட்டார்' என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். அதன் பக்கவாட்டில் பொன்னிற எழுத்துகள் மின்னின: 'இரைச்சலே இல்லாத தூய இசை.'

அப்பா ஸ்பீக்கர் கடை விற்பனையாளர். "பாடுறவங்க மூச்சு வாங்குறதுகூடக் கேக்கும் சார்!" என்பார். கடையில் அவர் பேரே 'மூச்சு சார்' என்றாகிவிட்டது. விலை கூடின பெட்டி பாடும்போது சத்தத்தை ஒரு பொட்டு ஏற்றிவைப்பார், வித்தை அவ்வளவுதான். வாங்கியவர்களுக்கு வீட்டில் என்ன கேட்டதோ, யாருக்குத் தெரியும்?

அவர் படுக்கையில் விழுந்ததும் மைக் வைத்தார்கள். பக்கத்திலேயே படுத்தாலும் அம்மாவுக்கு இடி விழுந்தால் பாதிதான் கேட்கும். கூடத்தில் படுத்துக்கொண்ட மகள், முதலில் வயரைச் சின்ன டப்பாவில்தான் மாட்டியிருந்தாள். அப்பா புரண்டால்கூட அதில் கேட்டது. ஒவ்வொரு முனகலுக்கும் எழுந்து ஓடினாள். அவள் கண்கள் வீங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் அப்பா சொன்னார்:

"அந்த ஓட்டை டப்பாவைக் கழட்டிப் போடும்மா. பெரிசுல மாட்டு. மூச்சு விடுறதுகூடக் கேக்கும்."

"என்கிட்டயே விக்கறீங்களாப்பா?"

சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டேதான் மாட்டினாள்.

அதோடு முனகல் நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினாள். நேற்று விடிந்ததும் வெந்நீர் கொண்டுபோனால், அப்பாவின் கால் சில்லிட்டிருந்தது. அவர் கையைப் பிடித்தபடி அம்மா விழித்திருந்தாள்.

நாற்காலியடியில் கிடந்த டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

சின்னப் பெட்டி மூச்சு விட்டது.

அவள் அப்படியே நின்றாள். மெல்ல இழுத்து, தொண்டையில் தடுக்கி, விட்டது. மறுபடியும் இழுத்தது. துணி உரசும் சத்தம். கட்டில் முனகும் சத்தம். அப்பா இடப்பக்கம் திரும்பும்போது முனகுமே, அதே கட்டில்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மாவைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே யாரும் இருக்க வழியில்லை.

வாசலில் அண்ணன் வண்டிக் கதவைச் சாத்தினான். கூப்பிடலாமென்று வாயைத் திறந்தாள், அதற்குள் அடுத்த மூச்சு வந்தது. கூப்பிடுகிறாரோ? அன்றைக்கும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாரோ? கை தானாக நீண்டு பெட்டியின் திருகைப் பிடித்தது. அணைக்கத்தான் போனாள். ஆனால் ஏற்றினாள்.

மூச்சு கூடம் முழுக்க நிறைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பின்கட்டு வழியாக எப்போது திரும்பி வந்தாளோ, அப்பாவின் தலையணையில் முகம் புதைத்து அம்மா பேசினாள்:

"ஏங்க... புள்ள தூங்கட்டும்னுதானே பெரிசுல மாட்டச் சொன்னீங்க? முனகலையும் இரைச்சல்னு அது அமுக்கிடும்னு உங்களுக்குத் தெரியாததா? கவலைப்படாதீங்க, அவகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."